பூ விழுந்த சேதி

சொட்டு அக்கா பூனைக்குக் கண் மருந்து விடுவதைப் பார்க்க வேண்டும். பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் விசேஷம். தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள். பூனையைத் தன் பக்கம் திருப்ப மாட்டாள். தான் பார்க்கும் திசையையே அதுவும் பார்க்கும்படி மடிக்கு முன்னால் இருத்திக்கொள்வாள். இடது கை தாடையைத் தாங்கும். வலது கை, காதைச் சொறிந்துவிட வருவது போல, பின்னாலிருந்து வரும். பூனை ஒருமுறை இமை கொட்டும். அதற்குள் அக்கா குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள்.

"முகத்துக்கு நேரா போனா நாம எதிரி. பின்னாடி உக்காந்தா நாற்காலி" என்பாள். இது தவிர அவளுக்கு வேறு தத்துவம் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

கால்நடை டாக்டரம்மாவின் கிளினிக்கில் அவள் உதவியாளர். அதற்கு முன் ஒன்பது வருஷம் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆயா. ஒரே அறையில் பதினாறு மூக்குகள் ஒழுகும், பதினாறையும் அவள்தான் துடைப்பாள். காப்பகம் இருந்த கட்டடம் கைமாறியபோது வேலை போயிற்று. அடுத்த வாரமே பக்கத்துத் தெருக் கிளினிக்கில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். அவள் போன நேரம், ஒரு பூனை மருந்து அலமாரியின் உச்சியில் ஏறிக்கொண்டு சீறிக்கொண்டிருக்க, கீழே மூன்று பேர் துடைப்பமும் துண்டுமாகப் போர்க்கோலத்தில் நின்றார்கள். அக்கா எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் அந்தப் பூனை இறங்கிவந்து டப்பாவை மோந்து பார்த்தது. டாக்டரம்மா வேறு கேள்வியே கேட்கவில்லை. எப்போதிலிருந்து வரமுடியும் என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அவளைவிடப் பெரியவர்களும் சொட்டு அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பருவம் மாறி, தும்மலும் சளியுமாகப் பூனைகள் வரிசை கட்டும் மாதங்களில் கிளினிக்கில் அவள் வைத்ததுதான் சட்டம். தும்மும் பூனைக்குத் தனி பெஞ்சு. ஒரு பூனையைத் தொட்ட கை சோப்பு போடாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. கை கழுவும் இடத்துக்கு மேலே அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: 'ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.' டாக்டரம்மாவே அவசரத்தில் அதே பஞ்சை அடுத்த கண்ணுக்குக் கொண்டுபோனால் அக்கா செருமுவாள். அந்தச் செருமலுக்குப் பட்டம் வாங்கியவர்களும் கட்டுப்பட்டார்கள்.

வீட்டில்தான் இந்தப் பருப்பு வேகாது. அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். பூனை முடி ஒன்று பறந்து வந்தால் போதும், அடுக்கடுக்காகப் பத்துத் தும்மல் போடுவார். அதனால் அக்கா வாசலிலேயே கோட்டைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

"ஊர்ப் பூனைக்கெல்லாம் சளின்னா ஓடுற. எனக்குச் சளின்னா வெந்நீர் குடிங்கற" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

"உங்க மூக்கை நீங்களே சிந்திக்குவீங்க. அதுகளுக்குக் கை வராது" என்றாள் அக்கா. அவர் வெந்நீர் வைக்கப் போனார்.

டாக்டரம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை அங்கேதான் சிக்கிக்கொள்ளப் போகிறது. முப்பத்துநாலு வயது, கெட்டிக்காரி, நிதானமான கை. வீட்டில் பேசியது தமிழ். பள்ளி, கல்லூரி, சினேகிதம் எல்லாம் வேறு மொழியில். அதனால் அவருடைய தமிழ் சாப்பாட்டு மேஜைத் தமிழ். சாப்பிட, தூங்க, கொஞ்ச, கோபிக்க எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருந்தது. ஊர்ப் பேச்சின் நெளிவுசுளிவுக்குத்தான் இடமில்லை. புதிய சொல் கிடைத்தால் குழந்தைபோலச் சந்தோஷப்படுவார். அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு பூனையின் கருவிழியில் இருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "இதை நாங்க பூன்னு சொல்லுவோம்" என்றாள். டாக்டரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவர் குறிப்பேட்டில் எந்தக் கண்ணில் எந்த வெள்ளை தெரிந்தாலும் பூதான். இடது கண்ணில் சின்னப் பூ. வலது கண்ணில் பூ, போன வாரத்தைவிடச் சின்னது.

இந்த நிலையில்தான் சாவிக்காரர் வந்தார்.

அவருக்கு அறுபது வயது. துணி வெளுக்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், சந்து என்று சொல்லவேண்டிய அகலத்தில் ஒரு கடை. சாவி வெட்டுவது, பூட்டு பழுது பார்ப்பது, சாவியைத் தொலைத்தவர்களின் கதவைத் திறந்து கொடுப்பது. தனி ஆள். கல்லா மேஜையின்மேல் எந்நேரமும் ஒரு பழுப்புப் பூனை படுத்திருக்கும். பெயர் மேனேஜர். பூட்டு எப்போது தயாராகும் என்று யாராவது நச்சரித்தால், "மேனேஜரைக் கேளுங்க" என்று விரலைக் காட்டுவார். மேனேஜர் கொட்டாவி விடும். கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மேனேஜரை அன்று அவர் கருவிப் பைக்குள் வைத்து, ஜிப்பைப் பாதி திறந்து, மார்போடு அணைத்துக் கொண்டு வந்தார். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இடது கண் பீளை கட்டி ஒட்டிக்கிடந்தது.

"மூணு நாளா தும்மல் சிஸ்டர். ரெண்டு நாளா சாப்பிடலை. மீன் வெச்சேன், கோழி வெச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. என்மேல ஏதோ கோவம்போல." மேனேஜரை அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"கோவமெல்லாம் இல்லைண்ணே. வாசனை தெரியலை. பூனை மூக்காலதான் சாப்பிடும், வாய் சும்மா மெல்றதுக்கு" என்றாள் அக்கா.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி கட்டியதும் மேனேஜரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் நனைந்த கோழிபோல இருந்தார்கள். ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்தாள். கண் பீளையை ஊறவைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுத்தாள். பிறகு வேகவைத்த கோழியைச் சூடாக்கி, விரலில் பிசைந்து மூக்குக்குக் கீழே காட்டினாள். மேனேஜர் நாலு வாய் தின்றது. சாவிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதாகப் பாவனை செய்தார்.

டாக்டரம்மா கண்ணில் சாயச் சொட்டு விட்டு நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் கடுகளவு பச்சை மின்னியது. "புண்ணு சார். சளியோட வர்றதுதான். இந்த ரெண்டு மருந்தும் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. நாலு நாள்ல எப்படியிருக்குன்னு போன் பண்ணுங்க." குறிப்பேட்டில் தன் வழக்கப்படி எழுதிக்கொண்டார்: இடது கண், சின்னப் பூ.

நாலாம் நாள் அக்கா தன் கண்ணாடியை மாற்றுவதற்காக அரை நாள் லீவு போட்டிருந்தாள். மறுநாள் காலை அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா டீ டம்ளரோடு வந்தார்.

"அக்கா, ஒரு நல்ல சேதி. நேத்து உங்க சாவிக்காரர் போன் பண்ணினார். மேனேஜருக்குப் பூ விழுந்துருச்சாம்."

அக்காவின் கை பொத்தானிலேயே நின்றது.

"என்ன சொன்னார்?"

"பூ விழுந்துருச்சும்மான்னார். நல்லா பார்த்தீங்களான்னு கேட்டேன். காலை வெளிச்சத்துல பார்த்தேன்னார். நாலே நாள்ல உதிர்ந்துடுச்சே, பரவாயில்லையேன்னு நினைச்சேன். அப்ப மருந்தை நிறுத்திடலாம் சார், இனிமே தேவையில்லைன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரிம்மான்னார். குரல்தான் கொஞ்சம் டல்லா இருந்தது. சளி அவருக்கும் பிடிச்சிருச்சோ என்னமோ."

அக்கா அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நாய்களுக்கான பெஞ்சு, அதையும் அவள் கவனிக்கவில்லை. பூவைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். மரத்துப் பூ விழுந்தால் போய்விடும், கண்ணில் பூ விழுந்தால் வந்துவிட்டது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தெரியாதவர்கள் இருப்பார்கள் என்றே தோன்றவில்லை. பார்க்காமல் போனிலேயே மருந்தை நிறுத்தச் சொன்னது டாக்டரம்மாவின் தப்புதான். அன்று வாசலில் பதினோரு பேர் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் சமாதானம். ஆனால் அக்கா அந்த நேரத்தில் டாக்டரம்மாவை நினைக்கவில்லை. தன்னைத்தான் நினைத்தாள். ஒன்பது வருஷம் பச்சைக் குழந்தைகளோடு இருந்து, வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசிப் பழகியவள், பாதிச் சொல்லைக் கொடுத்து ஒரு பூனையின் கண்ணுக்கு உலை வைத்துவிட்டாளே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்கு அவள் ஒரு நிமிஷம்தான் கொடுத்தாள். "டாக்டர், சாயமும் விளக்கும் எடுத்து வைங்க. விழுந்துருச்சுன்னா உதிரலை, வந்து உக்காந்துருச்சுன்னு அர்த்தம். கண்ணு போச்சுன்னுதான் அவர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

சாவிக்காரர் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் மேஜைமேல் இல்லை. கீழே, பழைய பூட்டுகள் போட்டுவைக்கும் இழுப்பறையைக் காலிசெய்து, துணி விரித்து, அதில் படுக்க வைத்திருந்தார். இடது பக்கம் மரத்தோடு ஒட்டியிருக்கும்படி, பார்த்தால் நல்ல கண் மட்டும் தெரியும்படி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இங்கே அந்த வேலையைப் பூனைக்குப் பதிலாக அவர் செய்துகொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, இனிமே மருந்து பிரயோஜனமில்லைன்னு. ஒரு கண்ணு இருக்குல்ல, அது போதும் அவருக்கு. எழுதப் படிக்கவா போறாரு."

"அண்ணே, அவங்க அப்படிச் சொல்லலை. பூ விழுந்துருச்சுன்னு நீங்க சொன்னதை, வெள்ளை உதிர்ந்து சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டாங்க. குணமாயிடுச்சு, அதனால மருந்து வேண்டாம்னாங்க."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "குணமாயிடுச்சுன்னா?"

"ஆமா. கடைசியா எப்ப சொட்டு விட்டீங்க?"

"முந்தாநேத்து ராத்திரி."

அக்கா இழுப்பறை முன்னால் உட்கார்ந்து மேனேஜரின் முகத்தைத் திருப்பினாள். கருவிழி நடுவில் பால் சிந்தியதுபோல வெள்ளை. அதன் நடுவே ஒரு பள்ளம். இமையை அது இறுக்கி இறுக்கி மூடியது. மூடுகிறதே, அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டாள். வலிக்கிற கண் இன்னும் உயிரோடு இருக்கிற கண்.

"கடையைச் சாத்துங்க, போவோம்."

"இனிமே என்ன சிஸ்டர் இருக்கு. பூ விழுந்தா விழுந்ததுதானே."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானே."

"எல்லாரும் பூனை தானா கண்ணைக் கழுவிக்கும்னும் சொல்றாங்க. எழுந்திருங்க."

காப்பகத்தில் சோறு உண்ண மறுத்த எத்தனையோ பேரை எழுப்பிய குரல் அது. சாவிக்காரர் எழுந்து ஷட்டரை இழுத்தார்.

கிளினிக்கில் நீல விளக்கின் கீழே கடுகு மிளகாகியிருந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். "ஆழமாப் போயிருக்கு. இன்னும் மெல்லிசா ஒரு தோல்தான் பாக்கி. அது கிழிஞ்சா கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். கிழியாம ரெண்டு நாள் தாண்டிட்டா காப்பாத்திடலாம். ரெண்டு மணிக்கொரு தடவை மருந்து, ராத்திரியும்." சற்று நிறுத்தி, "தப்பு என்னோடது சார். புரியலைன்னா உங்களைத் திருப்பிக் கேட்டிருக்கணும். பார்க்காம சொல்லியிருக்கவே கூடாது" என்றார்.

"அந்த வார்த்தையைப் பாதியாக் கொடுத்தது நான்" என்றாள் அக்கா.

சாவிக்காரர் இருவரையும் பார்த்தார். திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "சாவி ஒண்ணுதான். பூட்டுதான் வேற வேற" என்றார். பிறகு, "மருந்தைக் கொடுங்க" என்றார்.

மேனேஜரைக் கிளினிக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அக்கா வேண்டாம் என்றாள். இங்கே நாலு பூனை தும்முகிறது, இரண்டு நாய் குரைக்கிறது. பயந்த பூனை தின்னாது, தின்னாத பூனைக்குப் புண் ஆறாது. கடையில், அவர் கையால்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்தக் கையை முதலில் பார்க்க வேண்டும்.

"எங்கே, ஒரு சொட்டு விடுங்கண்ணே."

அவர் மேனேஜரின் எதிரே குனிந்து, மூஞ்சிக்கு நேராகக் குப்பியை நீட்டினார். மேனேஜர் தலையை வெட்டியது. மருந்து கன்னத்தில் வழிந்தது. முதல் நாலு நாளும் மருந்து எங்கே போயிருக்கும் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"திருப்பி உக்கார வைங்க. நீங்க பின்னாடி போங்க. பூட்டைத் திறக்கும்போது எப்படிப் பிடிப்பீங்க கம்பியை?"

"விரல் நுனியில. இழுத்துப் பிடிக்கக் கூடாது."

"மூச்சு?"

"விடமாட்டேன்."

"அதேதான். கண்ணால தேடாதீங்க, கையால தேடுங்க."

இரண்டாவது சொட்டு புருவத்தில் விழுந்தது. மூன்றாவது, கண்ணுக்குள். பூட்டு திறந்தால் வருமே அந்த ஒரு நிம்மதி, அது அவர் முகத்தில் வந்தது. நாலாவதற்கு அக்கா பார்க்கவே இல்லை, கூடையைத் துடைக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாளும் கிளினிக்குக்கு வரும்போதும் போகும்போதும் அவள் கடையில் எட்டிப் பார்த்தாள். வெந்நீர் வாளியோடு, துண்டைப் போர்த்தி, மேனேஜரும் சாவிக்காரரும் ஒரே ஆவியில் உட்கார்ந்திருப்பார்கள். கடிகாரத்துக்குக் கீழே ஒரு தாளில் நேரம் எழுதி, விட்ட சொட்டுக்கெல்லாம் கோடு போட்டிருந்தார். ஒரு கோடும் தவறவில்லை. டாக்டரம்மா மத்தியானங்களில் தானே நடந்து வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போனார். "வெள்ளை அப்படியே இருக்கு, ஆனா பள்ளம் கூடலை" என்று பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். பூ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அந்த வாரம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் தாண்டியது. தோல் கிழியவில்லை. ஐந்தாம் நாள் மேனேஜர் கேட்காமலே மீனைத் தின்றது. ஏழாம் நாள் மேஜைமேல் ஏறிப் படுத்தது. அக்காவுக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. "தேறிடுவாரு. என் பேச்சை எழுதி வெச்சுக்கங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவர் தும்மிக்கொண்டே தலையாட்டினார்.

பத்தாம் நாள் கிளினிக்கில் மறுபடியும் சாயச் சொட்டு, நீல விளக்கு. டாக்டரம்மா பார்த்தார். அக்காவையும் பார்க்கச் சொன்னார். பச்சை எங்கும் ஒட்டவில்லை. புண் மூடியிருந்தது. வெள்ளை மட்டும், நகக்கீறல் அளவுக்கு ஒரு மூலையில் தங்கியிருந்தது.

"இது இப்படியே இருக்கும் சார். தொந்தரவு இல்லை. சொட்டு மட்டும் இன்னும் ஒரு வாரம் விடணும். பார்வை இருக்கான்னு பார்த்துடலாம்."

அக்கா தரையில் உட்கார்ந்து மேனேஜரின் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடினாள். டாக்டரம்மா எதிரே ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் நழுவவிட்டார். மேனேஜரின் தலை அதோடு கீழே இறங்கியது. இரண்டாவது உருண்டை தரையைத் தொடும் முன்பே முன்னங்காலால் அடித்தது.

"பார்க்கிறாரு" என்றார் டாக்டரம்மா. அவரும் அந்தப் பூனைக்கு மரியாதை கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

அக்கா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். சாவிக்காரர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு வாரம் கண்ணு செவந்து, தண்ணியா வழிஞ்சு, அப்புறம் வெள்ளை. பூ விழுந்துருச்சுன்னாங்க. சரின்னு விட்டுட்டோம். பதினாறு வருஷம் இருந்தாங்க அதுக்கப்புறம். யார்கிட்டயும் கூட்டிட்டுப் போகலை." அவர் குரல் மாறவில்லை. "அதுக்கும் சொட்டு இருந்திருக்குமா?"

அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும் அண்ணே, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரை வந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்த மனிதரிடம் ஒரு தடவை பாதிச் சொல் போய்ச் சேர்ந்தாயிற்று.

"இருந்திருக்கும்ணே" என்றாள். "நேரத்துக்குப் போயிருந்தா, அநேகமா."

அவர் தலையாட்டினார். மேனேஜரைத் தூக்கிக் கருவிப் பைக்குள் வைத்து, ஜிப்பைப் பாதி வரை இழுத்தார்.

"சரி. இவருக்கு அடுத்த சொட்டு எத்தனை மணிக்கு?"